டிராக்டர் வயிற்றுக்குள் சேற்றுத் தண்ணீர்

மே மாதம் மூன்றாவது வாரம். ஆட்டுக் கிடை போட்ட இடத்தில் அள்ளிய எருவை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு சின்னமனூர்ப் பக்கமிருந்து வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நேராகப் போகும்போது வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. வயலுக்குப் பிரியும் மண்பாதையில் வண்டியை ஒடித்ததும் பின்னால் 'கடக்... கடக்' என்று ஒரு சத்தம். டிரெய்லர் கொக்கி ஆடுகிறது என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். கொக்கி இறுக்கமாக இருந்தது. ஏறி ஓட்டினேன். அடுத்த வளைவில் மறுபடியும் கடக்.

இந்தச் சத்தம் புதிதல்ல. போன இரண்டாம் போகத்துத் தொழி உழவின்போதே வரப்போரம் திருப்பும்போது மெல்லக் கேட்டது. "பழைய வண்டி, நாலு சத்தம் வரத்தான் செய்யும்" என்று நானே மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்துக்கு நாங்கள் கட்டிய விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது 35 குதிரைத் திறன் டிராக்டர். ஏழு குடும்பம் சேர்ந்து பழைய வண்டியாக வாங்கியது. ஏழு பேருக்கும் சேர்த்து 19 ஏக்கர். எல்லாமே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய இருபோக நிலம். கம்பம் பள்ளத்தாக்கில் இப்படி இருபோகம் விளைகிற நிலம் 14,707 ஏக்கர். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதியை ஒட்டி முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். திறந்த நாளிலிருந்து கூடலூரிலிருந்து கீழே வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். அந்த வாரத்தில் வாடகை வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு.

எங்களுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. ஏப்ரல் 16ஆம் தேதி கோடை மழை ஈரத்தில் 19 ஏக்கரிலும் தக்கைப்பூண்டு விதைத்திருந்தோம். 45 நாள் ஆகிப் பூவெடுக்கும் பருவத்தில் அதை மடக்கி உழுதால்தான் ஒரு வாரம் பத்து நாளில் அழுகிச் சத்து மண்ணில் சேரும். தாமதித்தால் தண்டு நாராகிவிடும். நடவுக்குப் பிறகும் வயலில் குச்சி குச்சியாகக் கிடந்து நட்டவர்கள் காலைக் கிழிக்கும். யூரியா போடுகிறவருக்கு உழவு பத்து நாள் தள்ளினால் பத்து நாள்தான் நட்டம். நமக்கு அந்தப் போகத்தின் உரமே போய்விடும். கிணற்றுத் தண்ணீரில் விட்ட கருங்குறுவை நாற்று வேறு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

உழவர்கள் பலரும் டிஃபரன்ஷியல் என்றால் பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பெரிய இரும்பு உருண்டை என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். களத்தில் மாடு கட்டிப் பிணையல் அடிப்பதைப் பார்த்த தலைமுறைக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒரே கயிற்றில் நாலு மாட்டைப் பூட்டிச் சுற்ற விட்டால் மேழிக்கம்பை ஒட்டிய உள்மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். வெளிமாடு ஓட வேண்டும். எல்லா மாடும் ஒரே வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்றால் பிணையல் சுற்றாது. வண்டி திரும்பும்போதும் அதுவேதான். உள் சக்கரம் குறைவாகவும் வெளிச் சக்கரம் கூடுதலாகவும் சுற்றியாக வேண்டும். மாட்டு வண்டியில் இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுழலும், இழுப்பது மாடு, சக்கரம் அல்ல. என்ஜின் வைத்துச் சக்கரத்தையே சுற்ற விடும்போதுதான் இரண்டுக்கும் வேகத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்க ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கிறது. 1827இல் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். கடிகாரம் செய்கிற கைக்குத்தான் இப்படியொரு பல்சக்கர யோசனை வரும்போல.

உள்ளே இருப்பது இதுதான். கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். எங்கள் வண்டியில் பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 37. கிரவுனோடு சேர்த்து ஒரு கூடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கூட்டுக்குள் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ், அதன் நாலு கையிலும் நாலு ஸ்டார் பினியன். அவற்றைக் கடித்தபடி இடமும் வலமும் இரண்டு சன் கியர். ஒவ்வொரு சன் கியரும் ஒரு பின் சக்கரத்தின் ஆக்சிலைப் பிடித்திருக்கும். நேராகப் போகும்போது ஸ்டார் பினியன்கள் தன்னளவில் சுழலாது, கூட்டோடு சேர்ந்து உருளும், அவ்வளவே. திரும்பும்போதுதான் சுழலத் தொடங்கும். ஆகவே நேராகப் போகையில் இல்லாத சத்தம் திரும்பும்போது மட்டும் வந்தால் கோளாறு ஸ்டார் பினியன், சன் கியர் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நேராக இழுக்கும்போதே ஊளையிட்டால் கிரவுன், பினியனையோ அவற்றின் பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் பட்டறை மேஸ்திரி அண்ணன். அவர் பட்டறையில் டிராக்டரைவிட ஜீப்புகளே அதிகம் நிற்கும். நம் ஊர்ப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப்புகள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் ஏறி இறங்குகிற வண்டிகளின் டிஃபரன்ஷியல் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அதனாலேயே கம்பம், போடி பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இந்த வேலை கைவந்த கலை.

"டிரெயின் போல்ட்ட கழட்டிப் பாத்தீங்களா தம்பி?"

"இல்லண்ணே. ஆயில் அளவு சரியா இருந்துச்சு."

"அளவு சரியாத்தான் இருக்கும். என்ன அளவுங்கிறதுதான் கேள்வி."

ஒரு இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்தி வைத்தார். காலையில் என்ஜினை எடுக்காமலேயே அடியில் உள்ள போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினார். முதலில் வந்தது ஆயில் அல்ல, பழுப்புத் தண்ணீர். ஒரு செம்பு அளவுக்கு ஓடியது. பிறகு மோர் மாதிரி வெளுத்த ஆயில் வந்தது. தண்ணீர் கனமானது என்பதால் ஓய்ந்து நின்ற வண்டியில் அடியில் இறங்கி நிற்கும். ஓட்டிய கையோடு திறந்தால் எல்லாம் கலங்கிக் கிடக்கும், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குத் தெரியாது. காசு செலவில்லாத சோதனை இது. நெல் வயலில் வண்டி ஓட்டும் எல்லாரும் போகத்துக்கு இரண்டு முறை செய்யலாம்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆக்சில் வெளியே வரும் இடத்தில் ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல் இருக்கும். மேஸ்திரி பின் சக்கரத்தைக் கழற்றியதும் அந்தச் சீலைச் சுற்றிப் பழைய நார் கயிறு கயிறாகச் சுற்றியிருந்தது. தக்கைப்பூண்டு நார்தான். மடக்கி உழும்போது தண்டு ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், சேற்று மணலோடு சேர்ந்து அரம் மாதிரி சீலை அறுக்கும். மண்ணை வளர்க்கிறோம் என்று நாம் செய்கிற வேலையே வண்டியை அரித்திருக்கிறது. ரசாயன விவசாயி வெறும் தரிசைத் தொழி அடிக்கிறார், அவர் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. தக்கைப்பூண்டை விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நாள் உழவு முடிந்ததும் பத்து நிமிடம் குனிந்து அந்த நாரைப் பிடுங்கியிருந்தால் போதும். நாங்கள் ஏழு பேரில் ஒருவரும் குனியவில்லை. எல்லாருக்கும் சொந்தமான வண்டியின் அச்சு யாருக்கும் சொந்தமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மேலே பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும். எங்கள் வண்டியில் அது சேறு காய்ந்து அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த வயல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுத் துளை அடைத்திருந்தால் அறுந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு கம்பியால் குத்தி எடுக்க வேண்டிய சேறுதான்.

இனிக் கூட்டைத் திறந்த கதை. டிராக்டரை ஜாக்கியை மட்டும் நம்பி உயர்த்தக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கினார்கள். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். நான் கவனிக்காத ஒன்றையும் மேஸ்திரி செய்தார். முன் அச்சுக்கும் அதன் மேல் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தார். முன் அச்சு நடுவில் ஊசலாடும்படி செய்யப்பட்டது. பின்னால் ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டால் 1,700 கிலோ வண்டி அப்படியே பக்கவாட்டில் சாயும். அந்த ஆப்பு இல்லாமல் அடியில் கையை விடக் கூடாது என்று தன் பையனிடம் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் வண்டியில் ஒரு பக்க ஆக்சில் ஹவுசிங்கை உருவினால் டிஃபரன்ஷியல் கைக்கு வந்துவிடும். சில வண்டிகளை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும், அது பெரிய வேலை. சங்கிலிப் பிளாக்கில் தொங்கவிட்டு வெளியே எடுத்ததும் மேஸ்திரி செய்த முதல் வேலை, உளியால் கூட்டின் இரண்டு பாதியிலும் நேருக்கு நேர் புள்ளி குத்தியது. இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்துக் கடைந்திருப்பார்கள், வேறு நிலையில் பூட்டினால் கிராஸ் நேராக உட்காராது. பழைய புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் குத்திவிட்டுத்தான் முதல் போல்ட்டைத் தொட வேண்டும்.

உள்ளே பார்த்தது அழகாக இல்லை. ஒவ்வொரு ஸ்டார் பினியனுக்குப் பின்னாலும் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு வாஷர் இருக்கும். நாலில் மூன்று சவரத் தகடு மாதிரி தேய்ந்திருந்தன. நாலாவது உடைந்து துண்டு துண்டாகக் கிடந்தது. அந்தத் துண்டைக் கடித்ததில் ஒரு சன் கியரில் இரண்டு பல் ஓரம் சிதறியிருந்தது. கிராஸின் கையில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். கூட்டைத் தாங்கும் இரண்டு பேரிங்கிலும் துருப் புள்ளி. கிரவுனும் பினியனும் மட்டும் தப்பியிருந்தன. அவை போயிருந்தால் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடு ஒன்று உரசிப் பழக்கி ஒரே எண் பொறித்து வருபவை அவை, ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் ஒத்துப்போகாது.

வாஷர் தேய்ந்தது தண்ணீரால் மட்டுமல்ல. இதில் என் பங்கும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் டிஃபரன்ஷியல் என்ன செய்யும் தெரியுமா? இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசைதான் போகும். பிடிப்பில்லாத சக்கரத்துக்கு எவ்வளவு குறைவான விசை போதுமோ அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆகவே ஒன்று நிற்கும், மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த நேரம் உள்ளே ஸ்டார் பினியன்கள் பம்பரமாகச் சுழலும். அவை அப்படி நெடுநேரம் சுழலச் செய்யப்பட்டவை அல்ல. சேற்றில் மாட்டியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இதைத் தடுக்கத்தான் இருக்கையின் அடியில் லாக் பெடல் இருக்கிறது. மிதித்தால் இரண்டு ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே மிதிக்கக் கூடாது. கிளட்சை மிதித்துச் சுழற்சி நின்ற பிறகுதான் லாக் போட வேண்டும். போட்டபடியே வண்டியைத் திருப்பவும் கூடாது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். தொழி உழவில் வரப்போரம் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்து வண்டியைச் சுழற்றுகிறோமே, அப்போதும் ஒரு சக்கரம் நின்று மற்றது இரட்டை வேகத்தில் ஓடுகிறது. நாள் முழுக்க ரோட்டில் டிரெய்லர் இழுக்கிற வண்டியைவிட நெல் வயல் வண்டியின் ஸ்டார் பினியன் சீக்கிரம் தேயக் காரணம் இதுதான்.

சாமான் வாங்கத் தேனிக்குப் போய் வந்ததில் ஒரு நாள் போனது. பேரிங்கைப் பிடுங்கவும் ஏற்றவும் லேத் பட்டறையில் இன்னொரு நாள். மே 27ஆம் தேதி பூட்டத் தொடங்கினோம்.

நான் கழுவும் ஆள். மண்ணெண்ணெய்த் தட்டில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவித் துணியில் வரிசையாக வைத்தேன். ஹவுசிங்கின் அடியிலும் விரலை விட்டுத் துழாவச் சொன்னார் மேஸ்திரி. உடைந்த வாஷரின் கடைசித் துண்டு அங்கே சேற்றுக்குள் புதைந்திருந்தது. அது மட்டும் உள்ளேயே இருந்திருந்தால் புது சன் கியரையும் தின்றிருக்கும். உடைந்த துண்டுகளைத் தரையில் ஒட்டிப் பார்த்து முழு வாஷர் சேர்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

பிறகு வாஷரை ஆயிலில் நனைத்து, சன் கியர், கிராஸ், நாலு ஸ்டார் பினியன், மேல் சன் கியர் என்று அடுக்கிக் கூட்டின் இரண்டு பாதியையும் புள்ளிக்குப் புள்ளி சேர்த்தார். போல்ட்டை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கவில்லை. எதிரெதிராக, மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். லாக் தகடுகள் புதியவை. பழைய தகட்டை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் மடிப்பில் முறியும். இறுக்கி முடித்ததும் ஆக்சில் துண்டு ஒன்றைச் சொருகிக் கையாலேயே சன் கியரைச் சுற்றினார். எங்கேயும் முட்டாமல், ஆனால் கொழகொழவென்றும் இல்லாமல் சுற்றியது. பேரிங்கைக் காஸ் தீயில் காட்டாமல் சூடான ஆயிலில் முக்கி ஏற்றினார்கள். தீ நேராகப் பட்டால் எஃகின் பதம் போய்விடும்.

பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்பதுதான் கடைசி வேலை, பெரிய வேலையும் அதுதான். ஆட்டமே இல்லாமல் இறுகினால் சூட்டில் பல் உப்பிக் கருகும். அதிகமானால் கியர் போடும்போதெல்லாம் அடிக்கும். கூட்டின் இரண்டு பக்கமும் வைக்கிற ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து இதைச் சரி செய்வார்கள். பேரிங் புதிதாகிவிட்டதால் கூடு பழைய இடத்தில் உட்கார்ந்திருக்காது. மேஸ்திரி கிரவுனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு. மூடிருவோம்" என்றார். அன்று 28ஆம் தேதி சாயங்காலம். வெளியே மூன்று ஜீப் காத்து நின்றன.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் என் அண்ணன் மகள் அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். "சித்தப்பா, டயல் கேஜ் வெச்சுப் பாக்கலையா?" என்று என் காதில் கேட்டாள். நான் தயங்கி மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டியது. முப்பது வருடம் விரலால் பார்த்த கை. ஆனாலும் லேத் பட்டறையிலிருந்து கேஜை வாங்கி வரச் சொன்னார். அவளே பொருத்தி, கிரவுனை நாலு இடத்தில் நிறுத்தி அளந்தாள். 0.45 மில்லிமீட்டர். கையேட்டில் சொன்னது 0.20ஐ ஒட்டிய அளவு.

"அது புது கியருக்குச் சொன்ன கணக்கும்மா" என்றார் மேஸ்திரி. "பழைய கியர் தேஞ்சிருக்கும். பழைய ஆட்டத்துலதான் வைக்கணும். இறுக்கினா ஊளையிடும்."

அவர் சொன்னதும் சரிதான் என்பது பிறகு புரிந்தது. ஓடிப் பழகிய ஜோடியைப் பழகிய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும். அதற்குத் திறக்கும் முன்பே பழைய ஆட்டத்தை அளந்து குறித்திருக்க வேண்டும். நாங்கள் குறிக்கவில்லை. இப்போது யார் சொல்வது சரி என்று எப்படித் தெரியும்?

"பல்லையே கேப்போம்" என்று மேஸ்திரியே நீல மை டப்பாவை எடுத்தார். கிரவுனின் ஆறு பல்லில் மெல்லப் பூசி, கிரவுனைக் கட்டையால் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றினார்கள். பினியன் பல் பட்ட இடத்தில் மை விலகித் தடம் தெரியும். நடுப் பல்லில் விழ வேண்டிய தடம், பல்லின் வெளிமுனையில் நகம் அளவுக்கு மட்டும் விழுந்திருந்தது. பழைய உராய்வின் பளபளப்பு நடுவில் இருந்தது. புதுத் தடம் அதைத் தொடவே இல்லை. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தார். தடம் வெளிமுனைக்கு ஒதுங்கினால் கிரவுனைப் பினியன் பக்கம் தள்ள வேண்டும், உள்முனைக்கு ஒதுங்கினால் விலக்க வேண்டும். பல்லின் நுனியிலோ அடியிலோ தடம் விழுந்தால் பினியனையே முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்த வேலை வரவில்லை.

"அவுத்துருவோம்" என்றார்.

கூடவே இருந்த எங்கள் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் நாலு நாள்ல தண்ணி வந்துரும். ஓடுற வரைக்கும் ஓடட்டும்யா. போகம் முடிஞ்சு பாத்துக்கிருவோம்." ஏழு குடும்பத்தில் மூன்று பேர் அவர் பக்கம். நான் வாய் திறக்கவில்லை, போன டிசம்பரில் அதையே சொன்னவன் நான்தானே. மேஸ்திரிதான் பதில் சொன்னார்: "முனையில மட்டும் கடிச்சா அந்த முனை உடையும் பெரியவரே. நட்ட நடு வயல்ல நின்னா நீங்க தோள் குடுப்பீங்களா?"

மறுநாள் காலையில் மறுபடி உருவினார்கள். ஒரு பக்கத்து ஷிம்மில் இரண்டை எடுத்து அப்படியே மறுபக்கம் வைத்தார்கள். மொத்தக் கனம் மாறாததால் பேரிங்கின் இறுக்கம் மாறாது, கிரவுன் மட்டும் நகரும். இப்போது ஆட்டம் 0.30. தடம் பழைய பளபளப்பின் மேல் நன்றாக விழுந்தது. கையேடு சொன்ன 0.20உம் இல்லை, விரல் சொன்ன 0.45உம் இல்லை. மேஸ்திரி தன் பையனைக் கூப்பிட்டு அந்தப் பல்லைக் காட்டினார். கேஜைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் மகளிடம், "படிச்சு முடிச்சதும் இங்கிட்டு வந்துரும்மா" என்றார். கிண்டலா நிஜமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

பழைய ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இது இயற்கை விவசாயிகள் படிக்கிற பத்திரிகை. முப்பது லிட்டருக்கு மேல் வந்தது. எங்கள் வண்டியில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். பட்டறைகளில் வழக்கம், பின்னால் உள்ள ஓடையில் ஊற்றுவதுதான். ஓடை வாய்க்காலுக்கு, வாய்க்கால் நம் வயலுக்கு. ஒரு வண்டியில் ஒரு முறை மாற்றும் என்ஜின் ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. பழைய ஆயில் அபாயக் கழிவு, அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே தர வேண்டும் என்று நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு விதிகள் உண்டு. நாங்கள் கேன்களில் பிடித்து மூடி வைத்து, சேகரிக்க வரும் வண்டிக்குக் கொடுத்தோம். பெரியப்பா இரண்டு கேனைக் கேட்டார், வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூசவாம். புங்க எண்ணெய் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் தப்பித்தேன். மண்ணெண்ணெய் கழுவிய தட்டையும் தரையில் கவிழ்க்கவில்லை. சிந்தியதை உறிஞ்சிய மரத்தூளை எருக்குழியில் போடப் போன பையனை நல்ல வேளை பார்த்துவிட்டேன்.

ஒரு செலவை முன்பே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மோரான ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது. கியர் பெட்டியின் மூலை முடுக்கில் தண்ணீர் கலந்த ஆயில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஊற்றியதை இரண்டு மணி நேரம் ஓட்டி வடித்துவிட்டு மறுபடி ஊற்றினோம். இரட்டைச் செலவுதான், ஆனாலும் புது பேரிங்கைத் துருவுக்குக் கொடுப்பதைவிட மலிவு. சக்கர நட்டுகளை முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள். எங்கள் மடைக்கு வந்து சேர்ந்து வயல் நிறைய 3ஆம் தேதி ஆனது. தக்கைப்பூண்டுக்கு அன்று 48 நாள். அடித்தண்டு கொஞ்சம் முற்றியிருந்தது, ஆனால் மடங்கியது. கேஜ் வீல் மாட்டி நான்தான் இறங்கினேன். வரப்போரம் திருப்பும்போதெல்லாம் காது பின்னாலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆற்றோர வயலில் ஒரு முறை இடச் சக்கரம் வழுக்கியது. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துக் கிளட்சை மிதித்து, நின்ற பிறகு லாக் போட்டு மெல்ல வெளியே வந்தேன்.

பொழுது சாய வண்டியைத் தண்ணீரை விட்டு ஏற்றியதும் பெரியப்பா அருவாளோடு பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கத்து ஆக்சிலிலிருந்தும் பிடுங்கிய நார் ஒரு கைக்கட்டு இருந்தது. அடுத்த நாள் விடியற்காலை, என்ஜினை எடுக்கும் முன், டிரெயின் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். அடியில் வைத்த வெள்ளைக் கிண்ணத்தில் முதல் சொட்டு விழுந்தது. தேன் நிறத்தில், தெளிவாக, ஆயில்.